பின் சீட்டைக் கழற்றிவிட்டுப் பெட்டி அடிக்கலாமா?

கேள்வி:

ஐயா, எங்கள் வீடு ஜெலாப்பாங்கில். 2012-இல் வாங்கிய பெரோடுவா அல்சா வைத்திருக்கிறேன். பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்த காலத்தில் ஏழு சீட்டும் நிறைந்திருக்கும். இப்போது இருவரும் கோலாலம்பூரில் வேலை பார்க்கிறார்கள். காடியில் பெரும்பாலும் நானும் மனைவியும்தான். அம்மாவும் தங்கை மகளும் சில நாள் நடு வரிசையில் வருவார்கள். மூன்றாம் வரிசையில் ஆள் உட்காருவது, தைப்பூசத்துக்குக் கல்லுமலைக் கோயிலுக்குப் போகும்போதும் தீபாவளி சமயத்திலும் மட்டுமே.

மனைவி வீட்டில் முறுக்கும் ஓமப்பொடியும் சுடுகிறார். கடலை வகைகளைப் புந்தோங்கில் எடுத்துக்கொண்டு பாசார் மாலாமில் கடை போடுகிறோம். டின், டப்பா, மடக்கு மேசை, குடை, தராசு எல்லாம் பின்னால் குவிந்து கிடக்கின்றன. பிரேக் போட்டால் ஒன்றன்மேல் ஒன்று சரிகிறது. மூன்றாம் வரிசையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் இழுப்பறை வைத்த மரப்பெட்டி அடித்துப் போடலாம் என்று நினைக்கிறேன். தெரிந்த தச்சர் ஒருவர் செய்து தருவதாகச் சொல்கிறார். மச்சானோ, "ஜே.பி.ஜே. பிடித்தால் சம்மன்தான்" என்கிறார். என்ன செய்யட்டும்?

– ஒரு வாசகர், ஜெலாப்பாங்

பதில்:

பெட்டி செய்யுங்கள், சீட்டைக் கழற்றாதீர்கள். உங்கள் தேவைக்கு இதுவே போதும். மூன்றாம் வரிசையை மடித்துப் படுக்க வைத்து, அதன்மேல் கழற்றி மாட்டக்கூடிய இரண்டு சிறிய பெட்டிகளைப் பொருத்தினால் சரக்கும் ஒழுங்காக இருக்கும், தைப்பூசத்துக்கு ஏழு பேரும் போகலாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்குகிறேன். காரணம் தெரிந்தால்தான் தச்சரிடம் சரியாகக் கேட்டு வாங்க முடியும்.

முதலில் சட்டம்

மச்சான் சொல்வதில் விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு வாகனத்துக்கும் எத்தனை இருக்கை என்பது பதிவிலேயே இருக்கிறது. பதிவில் உள்ள ஒரு விவரம் மாறும்படி வாகனத்தில் ஏதாவது நடந்தால், உரிமையாளர் அதைச் சாலைப் போக்குவரத்து இலாகாவுக்கு (ஜே.பி.ஜே.) தெரிவிக்க வேண்டும் என்கிறது 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு. ஏழு பேர் காடியாகப் பதிவானது ஐந்து பேர் காடியாக ஓடினால், பதிவு ஒன்று சொல்லும், காடி வேறொன்று சொல்லும். சீட்டை வீட்டில் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்பது சாலையில் நிறுத்தும் அதிகாரிக்குப் பதிலாகாது.

மடித்து வைத்த சீட் அப்படியல்ல. அது காடியிலேயே இருக்கிறது, தன் போல்ட்டிலேயே நிற்கிறது, பெல்ட்டும் இடத்தில் இருக்கிறது. அதன்மேல் வைத்துக் கட்டிய பெட்டி ஏற்றிய சாமான்தான். இதில் பதிவு மாறுவதற்கு எதுவும் இல்லை.

எதிர்காலத்தில் கட்டாயம் கழற்றத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், கழற்றுவதற்கு முன்பே ஜே.பி.ஜே. அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள். எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். புஸ்பாகோம் வாகனப் பரிசோதனைக்கு அனுப்பினால் போய்க் காட்டுங்கள். ஒப்புதல் கைக்கு வந்த பிறகு ஸ்பேனரை எடுக்கலாம்.

மச்சான் சொல்லாத விஷயம்: காப்புறுதி

சம்மன் வந்தால் அபராதத்தோடு போய்விடும். காப்புறுதி கைவிட்டால் குடும்பமே தாங்காது. உங்கள் இன்சூரன்ஸ் சான்றிதழை எடுத்து, வாகனத்தை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்ற வரம்பு அச்சிட்டிருக்கும் பகுதியைப் படியுங்கள். மலேசியாவில் தனியார் கார்களுக்கான பத்திரங்கள் பலவற்றில், வியாபாரம் தொடர்பாக மாதிரிப் பொருள்களைத் தவிர வேறு சரக்கு ஏற்றிச் செல்வது காப்பில் சேராது என்ற வாசகம் இருக்கிறது. பாசார் மாலாமுக்கு ஏற்றும் டின்கள் மாதிரிப் பொருள் அல்ல, விற்பனைச் சரக்கு. சீட்டைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் இந்தச் சிக்கல் உங்களுக்கு இருக்கிறது.

ஆகவே தச்சரைப் பார்ப்பதற்கு முன் காப்புறுதி ஏஜெண்டைப் பாருங்கள். "வாரத்தில் சில நாள் சொந்த வியாபாரச் சரக்கு ஏற்றுகிறேன், பின்னால் கழற்றி மாட்டும் பெட்டி வைக்கப் போகிறேன், என் பத்திரம் இதற்கு இடம் தருகிறதா?" என்று கேளுங்கள். பதிலை வாய்மொழியாக வாங்காமல் எழுத்தில் வாங்குங்கள். கூடுதல் கட்டணம் கட்டச் சொன்னால் கட்டிவிடுங்கள்.

பிரேக் போடும்போது என்ன நடக்கிறது

இப்போது பெட்டிக்கு வருவோம். தச்சர் வீட்டு அலமாரியைப் போல நினைத்துத்தான் அளவெடுப்பார். வீட்டு அலமாரி நிற்கும் இடத்தில் நிற்கும். காடிப் பெட்டி மணிக்கு நூறு கிலோமீட்டரில் ஓடி, சில விநாடிகளில் நிற்க வேண்டியிருக்கும்.

காய்ந்த சாலையில் பலமாகப் பிரேக் போட்டால், ஒரு பொருளை முன்னால் தள்ளும் விசை அதன் எடையில் முக்கால் பங்குக்கு மேல் வரும். 20 கிலோ டின்னை ஏறத்தாழ 16 கிலோ விசை முன்னால் தள்ளுகிறது. கம்பளத்தின் உராய்வு அதைப் பிடித்து வைக்காது. உங்கள் டப்பாக்கள் சரிவது இதனால்தான். மோதல் என்றால் கணக்கே வேறு. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் 20 கிலோ சாமானில் இருக்கும் ஆற்றல், அதையே மூன்றாம் மாடியிலிருந்து கீழே போட்டால் தரையில் மோதும் ஆற்றலுக்குச் சமம். உங்கள் காடியில் அந்தச் சாமானுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது அம்மாவும் தங்கை மகளும்.

இதற்கு ஓர் உலக அளவுகோல் இருக்கிறது. இருக்கைகளின் வலிமைக்கான ஐ.நா. ஒழுங்குவிதி 17-இன் கீழ் ஒரு சோதனை உண்டு. பின்தளத்தில் 18 கிலோ எடையுள்ள, பக்கத்துக்கு 30 சென்டிமீட்டர் அளவுள்ள இரண்டு கட்டைகளை வைத்து, 50 கிலோமீட்டர் வேக மோதலுக்கு ஈடான அதிர்ச்சியைக் கொடுப்பார்கள். இருக்கையின் முதுகு அவற்றைத் தடுத்து நிறுத்த வேண்டும். வாகனத் தரத்துக்கான இந்த ஐ.நா. உடன்படிக்கையில் மலேசியா 2006 முதல் இருக்கிறது. உங்கள் காடி இந்தச் சோதனைக்கு உட்பட்டதா என்பது ஒருபுறம் இருக்கட்டும். சோதனையிலேயே முதுகின்மேல் ஏற்றும் சுமை இரண்டு கட்டைக்கும் சேர்த்து 36 கிலோதான் என்பதைக் கவனியுங்கள். நான் சொல்லும் வரம்பும் அதையொட்டியதுதான்: பெட்டிகள், உள்ளே இருப்பது எல்லாம் சேர்த்து 40 கிலோவைத் தாண்டக்கூடாது.

"அந்த இடத்தில் 70 கிலோ ஆளே உட்காருகிறாரே, பெட்டிக்கு மட்டும் ஏன் 40?" என்று என் பட்டறைக்கு வருகிறவர்கள் கேட்பதுண்டு. ஆளை மோதலில் பிடிப்பது சீட் பெல்ட். மூன்றாம் வரிசை பெல்ட்டின் மேல்முனை பொதுவாகக் காடியின் இரும்புக் கூட்டில்தான் பொருத்தியிருக்கும். ஆளின் விசையில் பெரும்பங்கு கூட்டுக்குப் போய்விடும். சீட்டின் கால் போல்ட்டுகள் முக்கியமாகச் சீட்டின் சொந்த எடையைப் பிடிக்க வைத்தவை. ஆள் உட்காரும் இடம் என்பதற்காக ஆள் எடைக்குச் சரக்கு ஏற்றக்கூடாது.

ஜெலாப்பாங்காரருக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. மெனோரா சுரங்கப் பாதையைத் தாண்டி நெடுஞ்சாலை நம் பக்கம் இறங்கும் சரிவு எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். அந்தச் சரிவின் அடியில் இருந்த பழைய ஜெலாப்பாங் டோலில் பிரேக் பிடிக்காத லாரிகள் வந்து மோதிய விபத்துகளுக்குப் பிறகே அந்த டோல் அகற்றப்பட்டது. கோலக்கங்சார் பக்கம் வியாபாரத்துக்குப் போய்த் திரும்பும் இரவுகளில் நீங்கள் இறங்கி வருவதும் அதே சரிவில்தான்.

முறுக்கு வேறு, கடலை வேறு

அல்சாவின் மூன்றாம் வரிசை இரண்டு பாதியாகத் தனித்தனியே மடியும். பெட்டியும் அதேபோல இடது ஒன்று, வலது ஒன்று என்று இரண்டாக இருக்கட்டும். ஒருவர் தனியாகத் தூக்கி வெளியே வைக்கலாம். ஒரு சீட் மட்டும் தேவைப்பட்டால் ஒரு பெட்டியை மட்டும் எடுத்தால் போதும்.

ஒரு பெட்டி 60 சென்டிமீட்டர் நீளம், 50 அகலம், 35 உயரம் என்று வைத்துக்கொள்வோம். 9 மில்லிமீட்டர் பிளைவுட்டில் மூடியோடு செய்தால் வெறும் பெட்டி 8 கிலோவுக்குள் அடங்கும். உள்ளே 90 லிட்டருக்குச் சற்று மேல் இடம் கிடைக்கும். அதையே 18 மில்லிமீட்டரில் செய்தால் எடை இரட்டிப்பாகிவிடும். இரண்டு பெட்டியும் சேர்ந்தால், உங்கள் 40 கிலோவில் முக்கால் பங்கை வெறும் மரமே தின்றுவிடும். தச்சர் "கனமா இருந்தாத்தான் உறுதி" என்று சொன்னால் இணங்காதீர்கள். உறுதி மூலைகளில் இருக்கிறது. மூலைக்கு மூலை உள்பக்கம் சட்டம் கொடுத்து, பசை தடவித் திருகாணி போடச் சொல்லுங்கள். ஆணி அடித்த பெட்டி ஆட்டத்தில் கழன்றுவிடும்.

அந்த 90 லிட்டரில் முறுக்கு, ஓமப்பொடி, மரவள்ளிக்கிழங்குச் சீவல் போன்றவற்றை நிரப்பினால் எடை குறைவு, அது காற்றடைத்த சரக்கு. அதே பெட்டியில் வறுத்த கடலையைத் தளும்ப நிரப்பினால் 50 கிலோவைத் தாண்டும். ஆகவே பெட்டிக்குள் போக வேண்டியது முறுக்கும் தட்டும் பொட்டலப் பைகளும். கடலை டின்னும் தராசும் இரும்பு மேசையும் அங்கே போகக்கூடாது. நடு வரிசையில் ஆள் இல்லாத நாளில், முன் சீட்டுக்குப் பின்னால் கால் வைக்கும் பள்ளத்தில் தரையோடு தரையாக அவற்றை வையுங்கள். கனம் கீழேயும் காடியின் நடுவிலும் இருந்தால் வளைவில் காடி ஆடாது, முன்விளக்கு வானத்தைப் பார்க்காது. ஒரு முறை எல்லாவற்றையும் வீட்டுத் தராசில் நிறுத்து, எடையை மூடியின் உள்பக்கம் எழுதி ஒட்டிவிடுங்கள்.

எப்படிப் பொருத்துவது

பெட்டியின் கனம் சீட்டின் பஞ்சின்மேல் உட்காரக்கூடாது. நான்கு மூலையிலும் சிறு கால் கொடுத்து, அந்தக் கால்கள் மடித்த சீட்டுக்கு வெளியே கெட்டியான தரையில் நிற்க வேண்டும். அளவெடுக்க நாடாவை மட்டும் நம்பாமல், பழைய அட்டைப்பெட்டியை வெட்டி வைத்துப் பாருங்கள். சக்கரத்தின் மேல்வளைவு உள்ளே துருத்தும் இடத்தில் நாடா ஏமாற்றும், அட்டை ஏமாற்றாது.

பெட்டியின் முன்பக்கம் நடு வரிசைச் சீட்டின் முதுகோடு இடைவெளி இல்லாமல் ஒட்டி நிற்கட்டும். ஒரு சாண் இடைவெளி இருந்தாலும் பெட்டி அந்தத் தூரத்தை ஓடிவந்து அடிக்கும். பெட்டியின் உச்சி, மூடியும் சேர்த்து, அந்த முதுகைவிட உயரக்கூடாது. உயர்ந்தால் பின்கண்ணாடி மறையும், மேலே இருப்பது தலைக்கு மேலே பறக்கும்.

கட்டுவதற்கு ரப்பர் கயிறு கூடவே கூடாது. இழுபடும் எதுவும் பெட்டியை நிறுத்தாது. தாங்கும் எடை அச்சிட்ட ராட்செட் பட்டையை வாங்குங்கள். 20 கிலோ பெட்டி மோதலில் 400 கிலோ விசையோடு இழுக்கும் என்று வைத்துக் கணக்கிடுங்கள். பெட்டிக்கு இரண்டு பட்டை போடுங்கள். பட்டையைச் சீட்டின் அடியில் இருக்கும் எஃகுச் சட்டத்திலோ, காடி நிறுவனமே பொருத்திய கொக்கியிலோ மாட்டுங்கள். பிளாஸ்டிக் கைப்பிடியில் மாட்டாதீர்கள். பட்டையின் மறுமுனை பெட்டியின் பலகையில் திருகிய வளையத்தில் முடியக்கூடாது, பெட்டியைச் சுற்றி வரவேண்டும். 9 மில்லிமீட்டர் பலகையிலிருந்து வளையம் பிய்ந்து வந்துவிடும்.

தரையில் ஓட்டை போடலாம் என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். தகட்டுக்குக் கீழே பெட்ரோல் டேங்க், பிரேக் குழாய், கைப்பிரேக் கம்பி எல்லாம் ஓடுகின்றன. ஓட்டை போட்ட இடத்தில் துருவும் ஏறும். சீட் பெல்ட்டின் போல்ட்டைத் தளர்த்தி அதில் தகடு கோர்ப்பது அதைவிட மோசம். அந்த போல்ட் உயிர் காக்கும் போல்ட், அதில் வேறு எதுவும் தொங்கக்கூடாது.

இழுப்பறை வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். தண்டவாளமும் இரட்டைச் சுவரும் எடையைக் கூட்டும், இடத்தைக் குறைக்கும். மேடு ஏறும்போது தானாகத் திறந்து பின்கதவில் இடிக்கும். மேலே திறக்கும் மூடி, அதற்குக் கீல், இழுத்துப் பூட்டும் கொக்கி இரண்டு, இவை போதும். உள்ளே டின்னின் அளவுக்கே அறை பிரித்துவிட்டால் டின்கள் ஒன்றோடொன்று முட்டாது, சத்தமும் வராது.

மரமும் மழையும்

நம் பக்கம் ரப்பர் தோட்டங்கள் இருந்த பகுதி. ரப்பர் மரப் பலகை மலிவாகவும் அழகாகவும் கிடைக்கும். வீட்டு மேசைக்கு அது நல்ல மரம். காடிப் பெட்டிக்கு வேண்டாம். ஈரம் பட்டால் கறுத்துப் பூஞ்சை பிடிக்கும், பதப்படுத்தியது சரியில்லை என்றால் பூச்சியும் துளைக்கும். ஈப்போ மழையில் கடையை எடுத்துக் கட்டும்போது குடையும் மேசையும் சொட்டச் சொட்டத்தான் உள்ளே வரும். ஈரம் தாங்கும் பசையில் ஒட்டிய பிளைவுட்டை வாங்கி, வெட்டிய விளிம்புகளுக்கு முதலில் வார்னிஷ் கொடுங்கள். பிளைவுட் ஈரம் குடிப்பது விளிம்பு வழியாகத்தான். அடிப்பலகையில் சில துளைகள் இருந்தால் நீர் தேங்காது. உணவுப் பொருள் என்பதால் வார்னிஷ் வாடை முழுக்கப் போகும்வரை பெட்டியை வெயிலில் திறந்து வையுங்கள். பலகாரத்தை எப்போதும் மூடிய டப்பாவோடு உள்ளே வையுங்கள், வெறும் மரத்தில் கொட்டாதீர்கள்.

ஸ்பேர் டயர், ஜாக்கி, சக்கர ஸ்பேனர் மூன்றும் எங்கே இருக்கின்றன என்று பெட்டி செய்வதற்கு முன்பே பாருங்கள். சில காடிகளில் ஸ்பேர் டயரை இறக்கும் திருகு பின்தளக் கம்பளத்துக்கு அடியில் இருக்கும். இரவு பதினொரு மணிக்கு டயர் பஞ்சரானால், பெட்டியைத் தூக்காமல் அதை எடுக்க முடிய வேண்டும்.

ஏற்றக்கூடாதவை

சமையல் எரிவாயுத் தோம்பைப் பெட்டியில் அடைக்காதீர்கள். எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே எழாமல் தரையில் படியும், ஸ்பேர் டயர் பள்ளத்தில் தேங்கும். ஒரு பொறி போதும். கடை இடத்தில் சுட வேண்டிய தேவை இருந்தால், தோம்பைத் திறந்த வண்டியில், நிமிர்த்தி, வால்வை மூடிக் கட்டி அனுப்புங்கள். கொசு மருந்து டின், லைட்டர், பவர் பேங்க் போன்றவையும் பெட்டியில் தங்கக்கூடாது. வெயிலில் நிறுத்திய காடியின் உள்ளே வெப்பம் 60 பாகையை எட்டக்கூடும்.

பெட்டியின்மேல் ஆள் உட்காரவே கூடாது, பக்கத்துத் தெருவுக்குத்தானே என்றாலும். பின் சீட்டில் இருப்பவர்களுக்கும் பெல்ட் கட்டாயம் என்பது 2009 ஜனவரி 1 முதல் நம் நாட்டுச் சட்டம். குழந்தைகளுக்குப் பாதுகாப்பு இருக்கை 2020 ஜனவரி 1 முதல் கட்டாயம். தங்கை மகள் வரும் நாளில் அந்த இருக்கை நடு வரிசையில் இருக்கட்டும், அவளுக்குப் பின்னால் உள்ள பெட்டியைக் காலியாக வைத்துவிடுங்கள்.

எப்போது வேன் வாங்க வேண்டும்

வியாபாரம் வளர்ந்து 40 கிலோ போதவில்லை என்ற நாள் வரும், வரவேண்டும். புந்தோங்கில் கச்சாங் பூத்தே வியாபாரத்தைக் கையில் தட்டு ஏந்தித் தொடங்கி வேன் வரைக்கும் வளர்த்த குடும்பங்கள் நம் கண்முன்னே இருக்கின்றன. அந்த நாளில் அல்சாவின் சீட்டைக் கழற்றி அதை வேனாக்க முயலாதீர்கள். சரக்கு வேனாகவே பதிவான பழைய வண்டி ஒன்றைப் பாருங்கள். அதில் சரக்குக்குத் தளமும் தடுப்பும் இருக்கும், காப்புறுதியும் அந்த வேலைக்கே எழுதப்பட்டிருக்கும்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். ஏஜெண்டிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். சாமானை நிறுத்துப் பாருங்கள். அட்டையில் அளவு எடுங்கள். தச்சரிடம் 9 மில்லிமீட்டர் பிளைவுட்டில் இரண்டு பெட்டி சொல்லுங்கள். பட்டை போட்டுக் கட்டிய பிறகு பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து முழு பலத்தோடு இழுத்துப் பாருங்கள். விரல் அகலம் நகர்ந்தாலும் மறுபடி கட்டுங்கள். காடியைக் கிளப்பும் ஒவ்வொரு நாளும் இதைச் செய்யுங்கள். பெட்டியில் இடம் குறைந்தால் இரண்டு நடை போய்க்கொள்ளலாம், நடு வரிசையில் இருப்பவர்களுக்கு அடிபட்டால் ஈடு செய்ய முடியாது.